ஜீவிதா ரூல்

டீக்கு நன்றி, சார். சர்க்கரை கொஞ்சம் கம்மி, பரவாயில்லை. எனக்கு எவ்வளவு வேண்டும் என்பது ஜீவிதாவுக்குத்தான் தெரியும். லேபில் எனக்கும் சேர்த்து அவள்தான் வாங்கி வருவாள்.

கொரோனா இரண்டாவது அலையில் எங்கள் ஆஸ்பத்திரியில் கால் வைக்க இடமில்லை. எல்லோரும் ஆக்சிஜன் அளவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கிரியாட்டினினைப் பார்த்தேன். சிறுநீரகம் தடுமாறினால் ரத்தத்தில் ஏறுகிற சங்கதி அது. சேர்ந்த அன்றே அது இரண்டைத் தாண்டியவர்கள், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், நாலு நாளில் மோசமானார்கள். முப்பத்தொரு பேரை நோட்டில் எழுதி வைத்தேன். ஒரு நாள் டீ குடிக்கும்போது ஜீவிதாவிடம் சொன்னேன்.

மறுவாரமே லேப் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். இரண்டைத் தாண்டினால், ரிப்போர்ட் மேலே வார்டுக்குப் போகும்வரை காத்திராமல் உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். டாக்டர் அதற்கு வைத்த பெயர் ‘ஜீவிதா ரூல்’. பெற்றது நான், பேர் அவளுக்கு. டாக்டரிடம் உங்கள் பெயரைத்தான் முதலில் சொன்னேன் என்றாள். டாக்டர் காதில் விழவில்லையாம். வாக்குமூலத்தில் பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

மே மாதம் அவளுக்கே காய்ச்சல். தாமல் கிராமத்திலிருந்து அவள் அப்பா தணிகாசலம் ஆட்டோவில் கூட்டிவந்து சேர்த்தார். ரத்தம் என் மேசைக்குத்தான் வந்தது. மூன்று புள்ளி இரண்டு. மெஷினில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். வேலையில் நான் சுத்தம். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. ரிப்போர்ட்டை மற்ற ரிப்போர்ட்டுகளோடு டிரேயில் வைத்தேன். அந்த வாரம் இருந்த நெருக்கடியில் டிரே மறுநாள் காலைதான் மேலே போகும்.

மதியம் வார்டிலிருந்து போன் செய்தாள்.

“ஒரு மாதிரியா இருக்குதுண்ணா. என்னோட கிரியாட்டினின் எவ்ளோ வந்துக்குது?”

“நார்மலாதான் இருக்குதுமா. நிம்மதியா படு.”

“நீங்க சொன்னா சரிண்ணா.”

காலையில் டிரே மேலே போனபோது அவள் வென்டிலேட்டரில் இருந்தாள். மூன்றாம் நாள் முடிந்துபோனது. முன்னாடியே தெரிந்திருந்தால் சென்னைக்கு அனுப்பியிருப்பேனே என்று டாக்டர் அழுதார். எனக்கும் வருத்தம்தான். லேபில் இப்போது டீ வாங்கிவர ஆளில்லை.

என் நோட்டில் அவள் முப்பத்திரண்டாவது ஆள். ரூல் ஒரு தடவைகூடத் தப்பவில்லை, சார். அந்தத் தாளில் இனியாவது ராமராஜன் என்று என் பெயரை எழுதச் சொல்லுங்கள்.