'பார்த்தேன்' என்னும் பொத்தான்

பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. பளிச்சென்ற பச்சை கண்ணை உறுத்தும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பார்க்க வேண்டிய நிறம், மனதுக்கு இதமாக இருக்க வேண்டும். நாலைந்து பேரை உட்கார வைத்து மாற்றி மாற்றிக் காட்டி, அவர்கள் முகத்தைப் பார்த்துக் கடைசியில் ஒன்றை முடிவு செய்தேன். வேலையில் நான் எப்போதும் அப்படித்தான். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை.

உங்களுக்குக் கணினி வேலை பழக்கமிருக்காது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது நெஞ்சு வலித்தால் அவசர எண்ணுக்குப் போன் செய்வார்கள். அழைப்பை எடுக்கும் பெண்கள் விலாசத்தைத் தட்டச்சு செய்ய, அது எங்கள் சர்வர்கள் வழியாக அருகில் இருக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் திரைக்குப் போய்ச் சேரும். மொத்தம் பன்னிரண்டு சர்வர்கள். அவற்றின் சூடு, சுமை, எத்தனை விலாசங்கள் வரிசையில் நிற்கின்றன என்று எல்லாவற்றையும் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டை உருவாக்கியவன் நான். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. கோளாறு என்றால் சிவப்பு; அந்த நொடியே டியூட்டியில் இருப்பவரின் போனில் அலாரம் அடிக்கும். அவர் 'பார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்தினால் அலாரம் நின்று, சிவப்பு மஞ்சளாகும். மஞ்சள் வந்துவிட்டால் ஆள் வேலையில் இறங்கிவிட்டார், மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கலாம் என்று அர்த்தம். ஒரே கோளாறில் நாலு பேர் கை வைத்தால் குட்டை குழம்பிவிடும்.

டியூட்டியில் இருந்தவள் என் தங்கை. வயது முப்பத்தொன்று, நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், ஆனாலும் வீட்டிலும் அலுவலகத்திலும் அவள் பாப்பாதான். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பார்க்கலாம், குழந்தையையும் கவனித்துக்கொள்ளலாம் என்று சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு நாள் அவள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். சர்வர் அறைக்குள் போய்விட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, போர்டுல எல்லாம் பச்சையாதான் இருக்கு. ஆனா நாலாவது மெஷின் விசிறிச் சத்தம் ஒரு மாதிரியா இருக்கு. நிறுத்திப் பாக்கலாமா?"

"பச்சைன்னா பச்சைதான் பாப்பா. போய் டீயைக் குடி."

டீயைக் குடிக்காமல் அவளே போய்த் திறந்து பார்த்தாள். விசிறி உடைந்து, உள்ளே கருக ஆரம்பித்திருந்தது. மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "போர்டுக்குத் தெரியாதது பாப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை வீட்டில் அம்மா அந்தக் கதையை இரண்டு முறை கேட்டாள். இரண்டாவது முறை, சொல்லச் சொல்லிக் கேட்டாள். அதற்குப் பிறகு அழைப்பு எடுக்கும் பெண்கள் திரையை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டு, போனில் அவளைக் கூப்பிட்டு, "பாப்பா, எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். கூடப் பிறந்தவள் மேல் என்ன பொறாமை? வேலை ஓர் ஒழுங்கில் நடக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. புது சர்வரை வேலைக்கு விடும் முன் சுமைச் சோதனை செய்வோம். பொய்யான வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த இடத்தில் தள்ளாடுகிறது என்று குறித்துக்கொள்வோம். இவ்வளவு பேர் நம்பியிருக்கும் ஒருத்தியை அப்படிச் சோதிக்காமல் விடுவது சரியில்லை என்று பட்டது.

சர்வரில் தொண்ணூறு சதவீதம் நிறைந்தால் அடிக்க வேண்டிய அலாரத்தின் எல்லையை, அவள் டியூட்டி நேரத்துக்கு மட்டும் அறுபத்தொன்றாக்கினேன். முதல் வாரம் ஆறு அலாரம். ஒவ்வொன்றுக்கும் பதறியடித்துக்கொண்டு ஓடி, பன்னிரண்டு சர்வர்களையும் பார்த்து, ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எழுந்தாள். பொத்தானை அழுத்தச் சராசரியாக நாற்பது நொடி, சரிபார்க்க இருபத்தைந்து நிமிடம். இதற்கென்று என் கணினியில் தனியாக ஒரு டாஷ்போர்டு போட்டுக்கொண்டேன். அதிலும் அதே பச்சைதான்.

பிறகு வாரத்துக்கு ஒன்பது, இருபது, நாற்பது என்று ஏற்றினேன். தானாக அடிப்பது போதாது என்று தோன்றியபோது என் போனிலிருந்தே அடிக்க வழி செய்துகொண்டேன். அவள் எந்த நேரம் என்ன செய்கிறாள் என்று அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்வேன். அவள் சாப்பிட உட்கார்ந்த நேரம், குளிக்கப் போன நேரம், மாமியார் வந்திருந்த நேரம். காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்த நேரம். குழந்தையின் பிறந்தநாளுக்கு நானும் போயிருந்தேன். கேக் வெட்டக் கத்தியை எடுத்தாள். சட்டைப் பையில் இருந்த என் போனை அழுத்தினேன். கத்தியை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்து எடுத்தாள், மறுபடி அழுத்தினேன். நாலாவது முறை கேக்கை மாப்பிள்ளையே வெட்டினார். குழந்தை கேக்கைத் தொடவே மாட்டேன் என்றது.

எட்டாவது மாதம் என்னிடம் வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆள் பாதியாக இருந்தாள்.

"அண்ணா, எல்லாமே பொய் அலாரமா இருக்கு. எல்லையைக் கொஞ்சம் ஏத்தி வையேண்ணா."

"நூறுல ஒண்ணு நிஜமா இருந்துட்டா? ஒரு உசுருக்கு நீ பதில் சொல்லுவியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சரிண்ணா. நான்தான் சோம்பேறியாயிட்டேன் போல."

அதற்குப் பிறகுதான் என் தனி டாஷ்போர்டில் அவள் நேரத்தைக் காட்டும் கோடு மாறியது. பொத்தானை அழுத்த மூன்று நொடி, சரிபார்க்கும் நேரம் பூஜ்யம். போனைக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலால் தடவி அழுத்திவிட்டுப் போனாள். அந்தக் கோடு தரையைத் தொட்ட அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அத்தோடு நிறுத்தி மேலாளரிடம் அறிக்கை கொடுத்திருக்கலாம். ஆனால் அதுவரை அடித்தவை எல்லாம் பொய் அலாரங்கள். நிஜமான ஒன்றுக்கு என்ன செய்வாள் என்று எண் இல்லை. எண் இல்லாமல் நான் எப்படி அறிக்கை எழுத முடியும்?

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. விலாசங்களை ஆம்புலன்ஸுக்கு அனுப்பும் சர்வர் தானாகவே முடங்கியது. அதில் என் கை இல்லை. திரை சிவந்தது, மூன்று நொடியில் மஞ்சளாகியது. பெண்கள் நிமிர்ந்தார்கள், மஞ்சளைப் பார்த்துத் திரும்பக் குனிந்துகொண்டார்கள். தங்கை அப்போது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

வரிசையில் இரண்டு, ஐந்து, ஒன்பது. அந்த சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விட்டால் போதும், இரண்டு நிமிட வேலை. என் கடவுச்சொல்லுக்கும் அது திறக்கும். கை மேசை மேல்தான் இருந்தது. ஆனால் நான் தொட்டிருந்தால் அளவு கெட்டுப் போயிருக்கும்.

அழைப்பு எடுக்கும் பெண்களில் கண்ணாடி போட்ட ஒருத்தி மட்டும் என்னிடம் எழுந்து வந்தாள். "சார், அதே ஆளு மூணாவது தடவை கூப்பிடுறாரு. வண்டி வரலையாம். அவரு மனைவிக்கு மூச்சு வரலைன்னு அழறாரு."

"மஞ்சளா இருக்கு பாருங்க. பாப்பா பாத்துக்கிட்டு இருக்கா."

அவள் போய், "வண்டி வந்துக்கிட்டே இருக்கு சார், தைரியமா இருங்க" என்று சொல்வது எனக்குக் கேட்டது. நல்ல கனிவான குரல்.

முப்பத்தெட்டு நிமிடம். கடைசியில் ஓர் ஓட்டுநரே போன் செய்து, என்ன இன்று இவ்வளவு அமைதி என்று கேட்ட பிறகுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். பதினேழு விலாசங்கள் போய்ச் சேரவில்லை. மூன்று பேர் இறந்தார்கள்: அந்த மனைவி, குளியலறையில் விழுந்த ஒரு பெரியவர், ஒரு குழந்தை. குழந்தையின் வயது இரண்டு என்று உங்கள் கோப்பில் போட்டிருக்கிறது. எனக்கும் வருத்தம்தான்.

பாப்பா யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "நான்தான் அமுக்கினேன். பாக்காமலே அமுக்கினேன்." வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன்.

"மச்சான், நீங்க பேசிப் பாருங்க. நீங்க சொன்னாதான் கேப்பா" என்றார் மாப்பிள்ளை.

கையில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, நீ அன்னிக்கே சொன்ன. ஒரு உசுருக்குப் பதில் சொல்லுவியான்னு கேட்ட" என்றாள். நடந்தது நடந்துபோச்சு என்று ஆறுதல் சொன்னேன். பிறகு பைக்குள் கையை விட்டு என் போனில் அந்த அலாரத்தை ஒரே ஒரு முறை அடிக்க விட்டேன். டம்ளர் கீழே விழுந்தது. அவள் போன் உங்களிடம் அல்லவா இருக்கிறது? வெறும் உள்ளங்கையை விரித்து வைத்து, அதன் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே இருந்தாள். மூன்று நொடிக்குள் ஆரம்பித்துவிட்டாள். குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போது நானாக வந்ததற்குக் காரணம் உங்கள் விசாரணை அறிக்கை. பதினான்காம் பக்கத்தில், டாஷ்போர்டின் வடிவமைப்பிலேயே குறை, எல்லைகள் தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தன, ஆகவே அதை அகற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். திரையை ஏற்கெனவே துணி போட்டு மூடிவிட்டார்கள். இது அநியாயம். பதினொன்று பத்துக்குக் கோளாறு வந்தது, பதினொன்று பத்துக்கே அது சிவப்பைக் காட்டியது. எல்லைகளைக் குறைத்தவன் நான். எட்டு மாதம் அலாரம் அடித்தவன் நான். முப்பத்தெட்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவனும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், அந்த ஒரு பத்தியை மட்டும் அடித்துவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். இதைப் பாப்பாவுக்குச் சொல்ல வேண்டாம். மூன்று உயிரும் தன்னால்தான் போயின என்று அவள் ஒருமாதிரி மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டாள். இனி அண்ணன்தான் காரணம் என்று தெரிந்தால் தாங்கமாட்டாள். கூடப் பிறந்தவளை அந்த அளவுக்கு வதைக்க எனக்கு மனம் வராது.