இன்ஸாஃப் பேரில் கொடுத்த ரத்தம்

– கையை விடுடி ஸுஹைர், நகம் பதியுது. பல்லு கட்டிக்கப்போறவ நான், பயப்படுறவ நீயா?

– மாட்டிக்குவோம் அக்கா. சத்தியமா சொல்றேன், டாக்டரம்மா கூப்பிடுறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடலாம். வாசல்லயே டிராம் நிக்குது. யாரும் தேடமாட்டாங்க.

– போயி? இந்த ஓட்டை வாயோட பொண்ணு கல்யாணத்துல நிக்கவா? மேல் வரிசையில முன்னாடி நாலு பல்லு இல்ல. குலவை போட வாயைத் தொறந்தா வெறுங்காத்துதான் வருது. பெத்தவ குலவை போடலேன்னா மாப்பிள்ளையோட அம்மா சும்மா இருப்பாளா? ‘பொண்ணைக் குடுக்க மனசில்லாம குடுக்குறா’ன்னு ஊரைக் கூட்டிடுவா.

– கழட்டி மாட்டுற பல்செட்டு வாங்கிக்கயேன். விலையும் கம்மி, எலும்பைத் துளைக்கவும் வேணாம்.

– எதிர்வீட்டு உம்மு ஸையித் அவ சம்பந்தி வீட்டு விருந்துல சிரிச்சா பாரு, அன்னிக்கு நீ இல்ல. பல்செட்டு நேரா கீரைச்சாறுச் சட்டியில விழுந்துடுச்சு. கரண்டி போட்டுத் துழாவினாங்கடி! அவ இப்பல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்குறா. நான் குலவை போட்டா நாக்கு படுற பாட்டுக்கு அது மாப்பிள்ளை மடியில போய் விழும்.

– பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டுறாங்களாமே?

– பக்கத்துப் பல்லே ஆடுது. ஈறையெல்லாம் சுகர் தின்னு தீர்த்துடுச்சு. எலும்புல திருகி வைக்கிற பல்லுதான் நிக்கும். அலெக்ஸாந்திரியா முழுக்க ஏறி இறங்கிட்டேன். அவங்க கேக்குற காசுக்கு பொண்ணுக்கு ஃப்ரிட்ஜு, அடுப்பு, துணி துவைக்கிற மெஷினு எல்லாம் எடுத்துடலாம். இந்தப் பல்லு காலேஜு ஆஸ்பத்திரியிலதான் நம்ம கைக்கு எட்டுற விலை.

– அதுவும் மூணு மாசச் சராசரிச் சுகர் எட்டு சதவீதத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். உன்னுது பத்து!

– மெதுவாப் பேசித் தொலைடி, அந்த நர்ஸு திரும்பிப் பாக்குறா. அதுக்குத்தானே உன்னைக் கூட்டியாந்து என் பேருல ரத்தம் குடுக்க வச்சேன்.

– உன் பேச்சைக் கேட்டு நானும் கையை நீட்டினேனே, என் புத்தியைச் சொல்லணும். ரத்தம் எடுத்த ஆளு நிமிர்ந்துகூடப் பாக்கல. ‘பேரு?’ன்னான், ‘இன்ஸாஃப்’னேன். அன்னியில இருந்து எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. ஏன் அக்கா, பெரியண்ணி இருக்காங்க, உன் நாத்தனார் இருக்கா. என்னை ஏன் பிடிச்சே?

– அவளுங்க ரெண்டு பேரும் ரெண்டு பீப்பாய். நான் மூணாவது பீப்பாய். நம்ம வீட்டுல நீ ஒருத்திதான் ஈர்க்குச்சி. டீயில பாதி கிளாஸு சீனி போட்டுக் குடிக்கிறே, ஒரு சதை ஏறல. குச்சிக்கு எங்கடி வரும் சுகர்?

– கண்ணை மூடினா அம்மா கால்தான் வருது.

– அம்மா பேச்சை எடுக்காதே.

– எடுப்பேன். செருப்பு கடிச்ச புண்ணு அக்கா! அவ்வளவுதான். ஆறிடும் ஆறிடும்னு காப்பித்தூளை அப்பிக்கிட்டு உக்காந்திருந்தோம். விரல் கறுத்துது, பாதம் கறுத்துது, அப்புறம் முட்டிக்குக் கீழ போர்வை தட்டையாக் கிடந்துது. கால்ல ஆறாதது தாடையில மட்டும் ஆறிடுமா? துளை போட்ட இடம் அழுகிப் போச்சுன்னா? முகத்தையா வெட்டுவாங்க?

– எனக்கு மட்டும் பயமில்லேன்னு நினைச்சியா? தினம் குளிச்சு முடிச்சதும் கதவைத் தாப்பா போட்டுக்கிட்டு, கண்ணாடியைக் கீழ வச்சு உள்ளங்காலைப் பாக்குறவ நான். ஒரு கீறல் தெரிஞ்சா அன்னிக்குச் சோறு இறங்காது. செத்துச் செத்துப் பொழைக்கிறேன்டி. மாம்பழத்தை விட்டேன். பலகாரத்தை விட்டேன். நோன்பை விடச் சொன்னாங்க, அதையும் விட்டுட்டு ஊரு கண்ணுல படாம சமையக்கட்டுல நின்னு முழுங்குறேன். ஒரே பொண்ணு. ஒரு குலவை. அதையுமா விடணும்?

– உனக்குப் பதிலா நான் போடுறேன், தெருமுனை வரைக்கும் கேக்குற மாதிரி.

– நீ சித்தி. சித்தி ஆயிரம் போடலாம், முதல் குலவை பெத்தவளுது.

– உண்மையைச் சொல்லிடு அக்கா. டாக்டரம்மா சின்னப் பொண்ணு, திட்டமாட்டா. சுகரைக் குறைச்சுட்டு வான்னு சொல்லுவா.

– கல்யாணம் அதுவரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமா? பல்லு போனா சொல்லு போச்சுங்குறது சும்மாவா? வாயை மூடு, கதவு தொறக்குது.

– இன்ஸாஃப் அம்மா யாரு?

– நான்தான் டாக்டரம்மா.

– உள்ள வாங்க. உக்காருங்க. இவங்க?

– தங்கச்சி. துணைக்கு வந்தா.

– நல்லதாப் போச்சு. அவங்களும் இருக்கட்டும். சுகர் முடிவு வந்துடுச்சும்மா.

– எட்டுக்குள்ளதானே? எப்ப துளை போடுவீங்க?

– எட்டா? பதினாலுக்கு ஒட்டி வந்திருக்கு. ஏதோ தப்புன்னு நினைச்சு அதே ரத்தத்தை மறுபடியும் போட்டுப் பாக்கச் சொன்னேன். அதேதான்.

– என்ன சொல்றீங்க? எந்த ரத்தம்?

– நீங்க குடுத்த ரத்தம்தாம்மா. பல்லு பேச்சே இப்ப வேணாம், சரிங்களா? இது ரொம்ப நாளா ஏறிக் கிடக்குற சுகர். கண்ணு, கிட்னி, காலு எல்லாத்தையும் இன்னிக்கே பாத்தாகணும். எதிர்க் கட்டடத்துல சுகர் டாக்டர் இருக்காரு. மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?

– இல்ல... சாப்பிடுறதே இல்ல. ஒண்ணுகூட.

– மாத்திரையே இல்லாமயா இத்தனை நாள் ஓட்டினீங்க? என்னம்மா இது!

– அக்கா, வா. போயிடலாம்.

– சும்மா இருடி.

– பல்லும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு இங்க இருக்கவே பிடிக்கல. வீட்டுக்கு வாயேன் அக்கா, சத்தியமா...

– நீங்க ஏன் இப்படிப் பதறுறீங்க? அக்காவே தைரியமா உக்காந்திருக்காங்க. இதுக்கு மருந்து இருக்கு. ஆனா இன்னிக்கு வீட்டுக்குப் போயிட்டு அடுத்த வாரம் வரேன்னா நான் விடமாட்டேன், சரிங்களா? பயத்துல ஓடிப்போறவங்கதான் காலை இழந்துட்டு வராங்க. இருங்க, அவருக்கு இப்பவே போன் பண்றேன். இன்ஸாஃப்னு சொல்லிடவா?

– வேணாம் டாக்டரம்மா. ஸுஹைர்னு சொல்லுங்க. என்னைக் காலேஜை விட்டு விரட்டினாலும் சரி, எனக்குப் பல்லே முளைக்கலேன்னாலும் சரி, இவ கையைப் பிடிச்சுக்கோங்க, ஓடிடுவா. அந்த ரத்தம் இவளோடது.