ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெட்டிகள்

அதிகாரி: ...ஒல்லியா ஒரே ஒரு பிள்ளை கூடவா இல்ல, சிஸ்டர்?

நர்ஸ்: இல்ல சார்.

அதிகாரி: நல்லா தேடிப் பாருங்க. பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரர் வந்துடுவாரு. அவங்க அனுப்புற சத்துப் பொட்டலம் பிள்ளைங்க வாய்க்குப் போய்ச் சேருதான்னு பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வர்றாரு.

நர்ஸ்: சேருது. அதனாலதான் ஒல்லியா யாரும் இல்ல.

அதிகாரி: அதுதானே பயமே! எல்லாம் கொழுகொழுன்னு உக்காந்திருந்தா, 'இனி இங்க எதுக்கு'ன்னு நிறுத்திடுவாரு. வெள்ளம் அரிச்ச வயல்ல இப்பதான் விதைச்சிருக்காங்க. அறுவடைக்கு மூணு மாசம். அதுவரைக்கும் இதுங்க எதைத் தின்னும்?

நர்ஸ்: அதுக்காக நேத்தே பட்டினி போட்டிருக்கணுமா?

அதிகாரி: சேச்சே! முன்வரிசைக்கு ஒண்ணே ஒண்ணு... ஆங், அந்த 'ஈர்க்குச்சி' எங்க? கையளவுப் பட்டி சிவப்பு காட்ட வந்தாளே, பிழைப்பாளான்னே தெரியாம?

நர்ஸ்: உங்க சட்டை பட்டனைப் பிச்சுக்கிட்டு இருக்காளே, அவதான்.

அதிகாரி: இவளா! விடு கண்ணு, விடு... கன்னத்தைப் பாரேன்! அந்தப் பட்டியைக் கையில சுத்துங்க, சிவப்பா, மஞ்சளா, பச்சையா, எந்தக் கலர்ல நிக்குதுன்னு பார்ப்போம்.

நர்ஸ்: காலையிலேயே சுத்தியாச்சு. பச்சை. நல்லா தேறிட்டா.

அதிகாரி: கொஞ்சம் இறுக்கிச் சுத்தினா மஞ்சளாவது...

நர்ஸ்: பிள்ளை கை சார் அது. உங்க இடுப்பு பெல்ட் இல்ல.

டிரைவர்: சார்!

அதிகாரி: வாப்பா டிரைவர். என்ன ஜீப்பு காலியா வருது? விருந்தாளி எங்க?

டிரைவர்: ஆத்தங்கரையில இறங்கிட்டாரு.

அதிகாரி: அங்க எதுக்கு?

டிரைவர்: அந்தப் பக்கத்து ஊரைப் பார்க்கணுமாம். 'அம்பது பெட்டி சத்துப் பொட்டலம் போய்ச் சேர்ந்துச்சுன்னு உங்க அதிகாரி எழுதியிருக்காரே'ன்னு உங்க அறிக்கையை எடுத்துக் காட்டினாரு.

அதிகாரி: பாலம் வெள்ளத்துல போயிடுச்சுன்னு சொல்றதுதானே!

டிரைவர்: சொன்னேன். 'இடுப்பளவு தண்ணிதானே'ன்னு ஷூவைக் கழட்டிட்டாரு.

அதிகாரி: போச்சு... எல்லாம் போச்சு.

நர்ஸ்: என்ன சார், வேர்த்துக் கொட்டுது?

அதிகாரி: சிஸ்டர், கதவைச் சாத்துங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்... அந்தப் பெட்டிங்க போகவே இல்ல.

நர்ஸ்: அப்படியா!

அதிகாரி: லாரி கரை வரைக்கும் போய்த் திரும்பிடுச்சு. 'போகல'ன்னு எழுதினா அந்த ஊர்ப் பங்கையே வெட்டிடுவாங்க. பாலம் கட்டினதும் கொடுத்துடலாம்னு, 'போய்ச் சேர்ந்தது'ன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். பாலம்...

டிரைவர்: இன்னும் ஒரு கல்லு வைக்கல.

அதிகாரி: தெரியும்பா! அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களை நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது எனக்கு.

நர்ஸ்: பெட்டியெல்லாம் இப்ப எங்க சார்?

அதிகாரி: இதோ, இந்தத் தார்ப்பாய்க்கு அடியில. நீங்க தினமும் டீ டம்ளர் வைக்கிறீங்களே, அதேதான்.

நர்ஸ்: ஒண்ணைத் தூக்குங்களேன்.

அதிகாரி: இப்ப போய்... என் முதுகு தாங்குமா?

நர்ஸ்: தாங்கும். தூக்குங்க.

அதிகாரி: அம்மாடி... என்ன இது, பஞ்சு மாதிரி... காலி! இதுவும் காலி! எலியா?

டிரைவர்: எலி திரும்ப டேப் ஒட்டி வைக்குமா சார்?

அதிகாரி: என்ன சிரிப்பு ரெண்டு பேருக்கும்?

நர்ஸ்: இந்த ஈர்க்குச்சியோட அம்மா ஆரம்பிச்சு வச்சது. மக பச்சைக்கு வந்த அன்னிக்கு, 'அந்தப் பக்கம் என் அக்கா பிள்ளை சாகக் கிடக்குது'ன்னு அழுதா. அரைப் பெட்டியைப் பிரிச்சு மூட்டை கட்டி அவ தலையில தூக்கி வச்சேன். அதுல இருந்து அதுவே வழக்கம். எந்தப் பிள்ளை பச்சைக்கு வருதோ, அதோட அம்மா ஒரு தடவை ஆத்தைத் தாண்டணும்.

அதிகாரி: டிரைவர், நீயுமா?

டிரைவர்: வாராவாரம் ஜீப்பு கழுவ ஆத்துக்குப் போறேன்னு சொல்வேனே...

அதிகாரி: ஜீப்பு என்னைக்குமே அழுக்காதானேடா இருக்கு!

டிரைவர்: அதைத்தான் நீங்க கேட்கவே இல்லையே சார்.

அதிகாரி: அப்போ... அங்க பிள்ளைங்க?

நர்ஸ்: சிவப்பு ஒண்ணு கூட இல்ல. ஏழு பேரு மஞ்சள். பொட்டலம் இன்னும் ஏன் வேணும்னு அந்த ஏழு பேரும் அவருக்குச் சொல்லிடுவாங்க.

டிரைவர்: கடைசி மூட்டை ஒண்ணு பாக்கி இருந்துச்சு சார். அதை அவரு தலையிலதான் ஏத்தி விட்டேன்.

அதிகாரி: அடப்பாவி!... சிஸ்டர், இத்தனை நாளா என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

நர்ஸ்: உங்க அறிக்கையில ஒரு காப்பி எனக்கும் வருமே சார். போய்ச் சேர்ந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டீங்க... நல்ல மனுஷனைப் பொய்யனாக்க மனசு வரல.