இழுவை அக்காவின் கியர்பாக்ஸ்

— கிளட்ச் பெடல் எங்கேங்க?

— கழட்டி மேஜைக்கு அடியில போட்டிருக்கேன். பாத்து வா, கால்ல இடிச்சுக்காதே.

— யாரைக் கேட்டுக் கழட்டினீங்க? எந்த கியர்பாக்ஸ்னு இன்னும் முடிவே ஆகலை, அதுக்குள்ள பெடலுக்கு வழியனுப்பு விழாவா?

— பொறு பொறு. உள்ள வந்ததும் வராததுமா பொண்டாட்டி சண்டைக்கு நிக்கறா. முதல்ல உன் ஜீப்போட எஞ்சினைப் பாரு. பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கிட்டு டீசலைத் தூக்கி வச்சாச்சு. எப்படி உக்காந்திருக்கு பாரு, புது மாப்பிள்ளை மாதிரி.

— பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தலை தாயே. இந்த டீசலோட இழுவையைப் பழைய கியர்பாக்ஸ் தாங்காது, உள்ள பல்லெல்லாம் உதிர்ந்துடும். வேற ஒண்ணு வைக்கணும். இதுவரைக்கும் ஒத்துக்கறியா?

— அது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே ரெண்டு கியர்பாக்ஸ் தரையில கிடக்கு. ஒண்ணு லாரியிலேர்ந்து எடுத்த மேனுவல். இன்னொண்ணு நீங்க எங்கேயோ அலைஞ்சு தூக்கிட்டு வந்த, கிளட்ச் பெடலே தேவைப்படாத ஆட்டோமேட்டிக். நான் மேனுவல்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னே.

— அப்புறம் என்ன?

— எனக்கு ஆட்டோமேட்டிக்தான் சரின்னு படுது. பாறை மேல ஏறும்போது எஞ்சின் அணையாது. பாதி ஏத்தத்துல வண்டி பின்னாடி உருளாது. சேத்துல சிக்கினவனைக் கயிறு கட்டி இழுக்கறப்ப வெடுக்குனு இழுக்காம நிதானமா இழுக்கும். உன் தொழிலுக்கு வேற என்ன வேணும்?

— சும்மா கதை விடாதீங்க. இறக்கத்துல என்ன பண்றது? மேனுவல்ல முதல் கியர் போட்டா டீசல் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிச்சுக்கும். உங்க ஆட்டோமேட்டிக் தலை தெறிக்க ஓடும்.

— ஓடாது. கீழ் கியர்லயே நிக்கற மாதிரி லீவரைப் போட்டுக்கலாம்.

— சூடானா?

— அதோட எண்ணெயை ஆத்தறதுக்கு வண்டி முன்பக்கம் தனியா ஒரு ரேடியேட்டர் வைக்கறேன்.

— பேட்டரி செத்தா? மேனுவல்னா நாலு பேர் தள்ளினாக் கிளம்பிடும்.

— மலை உச்சியில உனக்கு எங்கேர்ந்து நாலு பேர் வருவாங்க? ரெண்டாவது பேட்டரி ஒண்ணு வச்சுத் தரேன், போதுமா?

— ஏதோ இருக்கு. ரெண்டு கேள்வி கேட்டாலே எரிஞ்சு விழற மனுஷன், இன்னிக்கு எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொல்றீங்களே.

— சொன்னாலும் குத்தம், சொல்லலைன்னாலும் குத்தம்.

— எவன் வண்டி எந்தப் பள்ளத்துல விழுந்தாலும் 'இழுவை அக்காவைக் கூப்பிடு'ன்னு எனக்குத்தான் போன் பண்றாங்க. அந்த அக்கா ஆட்டோமேட்டிக்ல போய் இறங்கினா சிரிக்க மாட்டாங்க?

— பள்ளத்துல கிடக்கறவன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்.

— நேராவே கேக்கறேன். எனக்கு ஓட்டத் தெரியலைன்னு நினைக்கறீங்களா?

— இந்தா, இதைக் கையில பிடி.

— கிளட்ச் தட்டு. அட, இப்படிக் கருகிக் கிடக்கு!

— மழைக்கு முன்னாடி நான் புதுசா மாத்தினது. உன்கிட்ட ஒரு தட்டு வருஷக்கணக்கா வரும். இது ஒரு மழைக்காலம் தாங்கலை. பெடல்லேர்ந்து காலை முழுசா எடுக்காம ஓட்டினாத்தான் இப்படிக் கருகும். ஓட்டப் பழகறவங்க பண்ற தப்பு. நீ பண்ற தப்பு இல்லை.

— காலை எடுத்துட்டேன்னுதாங்க நினைச்சுக்கிட்டிருந்தேன்.

— எடுக்கலைன்னு தெரியலையா?

— தெரியலை. பாதம் மரத்துப் போகுது. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியறதில்லை. முதுகுல நரம்பு அமுங்குதாம்.

— என்கிட்ட ஏன் சொல்லலை?

— சொன்னா சாவியைப் பிடுங்கி வச்சுக்குவீங்கன்னு முதல்ல பயமா இருந்துச்சு.

— மண்டு. சாவியைப் பிடுங்கறவனா ஆட்டோமேட்டிக்கைத் தேடி ஊர் ஊரா அலைவான்? தட்டைப் பாத்த அன்னிக்கே உன் கால்ல ஏதோ கோளாறுன்னு புரிஞ்சுடுச்சு. நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன். வாயைத் திறக்கவே இல்லை. சரி, பெடலைக் கழட்டினா சண்டைக்காவது வருவேன்னு கழட்டினேன்.

— வந்துட்டேன்.

— வந்துட்டே. இப்பவாவது ஆட்டோமேட்டிக்கை ஏத்தலாமா? இடது காலுக்கு வேலையே இல்லை.

— வேண்டாம். மேனுவலே வைங்க.

— இன்னுமா? இது என்ன வீம்பு?

— எனக்காகக் கேக்கலைங்க, உங்களுக்காகக் கேக்கறேன். கியர் மாத்தாம ஓட்டறது உப்பில்லாத சாப்பாடுன்னு சொல்ற ஆளு நீங்க. இனிமே இந்த வண்டியை நீங்கதான் ஓட்டணும். நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்றேன்.

— நான் எதுக்கு ஓட்டணும்? ஆட்டோமேட்டிக்குக்கு வலது கால் ஒண்ணே போதுமே.

— அதுலயும் ஆரம்பிச்சிடுச்சு.

— எதுல?

— வலது கால்ல. டாக்டரம்மா ஊசியால குத்திப் பாத்தாங்க. குத்தினதே எனக்குத் தெரியலை. இதுக்கு மேல பரவாது, ஆனா போனது திரும்பாதுன்னாங்க. இனிமே காலை நம்பி எந்த வண்டியையும் தொடாதேன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. நான் வெளியில காட்டிக்கலை. உள்ளுக்குள்ள அப்படியே இடிஞ்சு போயிட்டேங்க.

— அடக் கடவுளே. இத்தனையும் தனியாவா தூக்கிட்டுத் திரிஞ்சே?

— இந்த வண்டியை விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது. அதை வேற யார்கிட்டயும் கொடுக்க மனசு வரலை. உங்ககிட்டன்னா பரவாயில்லை. அதான் உங்களுக்குப் பிடிச்சதா வைக்கச் சொன்னேன்.

— பொறு பொறு. கண்ணைத் துடை. டாக்டரம்மா கையைப் பாத்தாங்களா?

— பாத்தாங்க. கைக்கு ஒண்ணுமில்லை. ஏன், உங்க காதைத் திருகிக் காட்டவா?

— அப்புறமாத் திருகு. முதல்ல அந்த ஆட்டோமேட்டிக்குக்கு இந்தப் பக்கம் ஒரு பிடி பிடி. ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் ஸ்டீயரிங் பக்கத்துல லீவரா கொண்டு வந்துடறேன். கால் இல்லாத ஒருத்தருக்கு நானே பண்ணிக் கொடுத்திருக்கேன், இன்னிக்கும் ஓட்டறார். டாக்டரம்மாகிட்டயும் காட்டுவோம், லைசென்ஸையும் அதுக்குத் தகுந்த மாதிரி மாத்துவோம். காலை நம்ப வேண்டாம்னுதானே சொன்னாங்க? இந்த வண்டிக்கு உன் கை போதும்டி.