குறைந்தபட்சத் தொகையின் கோமான்

பொடி எழுத்தையும் பூசணிக்காய் அளவுக்குக் காட்டும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளியாகவும், இந்த நுகர்வோர் மன்றத்தின் முதுகெலும்பாகவும், இந்த அரங்கில் ஓடுகின்ற ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியின் நிரந்தர உரிமையாளராகவும் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! அவருக்கு இடமும் வலமும் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட பெரியோர்களே! வரவையும் செலவையும் விரல் நுனியில் வைத்திருந்தும் அதற்கென்று ஒரு பட்டமும் வாங்காத பொருளாதார மேதைகளான தாய்மார்களே! தலைப்பைக் கேட்டதிலிருந்து சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! உங்கள் அனைவரின் பாதுகாப்பான பணப்பைகளுக்கும் என் பணிவான வணக்கம்.

‘கடன் அட்டையும் நம் கடமையும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு கதை சொல்லப் போகிறேன். இந்த ஒலிவாங்கியின் தலைமேல் கை வைத்து உறுதி கூறுகிறேன்: இந்தக் கதையை நீங்கள் ஒருவரும் நம்பப் போவதில்லை. நம்பினால் அது என் பேச்சுக்கு நேர்ந்த இழுக்கு!

முதலில் ஒன்று. கடன் அட்டைக் கம்பெனிகளை எல்லாரும் திட்டுகிறார்கள். நான் திட்ட வரவில்லை, வியக்க வந்திருக்கிறேன். என் பிறந்தநாளை என் மனைவி மறந்தாள், மக்கள் மறந்தார்கள், நானே மறந்தேன். மறக்காமல் காலை ஆறு மணிக்கு வாழ்த்தியது யார்? கம்பெனி! கூடப் பிறந்த அண்ணனிடம் இருநூறு கேட்டால் இரண்டு நாள் இருமுகிறான். முன்பின் பார்த்திராத ஒரு புண்ணியவான், “சார், ரெண்டு லட்சம் உங்களுக்காகவே ஒதுக்கி வெச்சிருக்கோம்” என்று கெஞ்சுகிறான். நாற்பத்திரண்டு பக்க ஒப்பந்தத்தை, எறும்பே கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்க முடியும் என்ற அளவில் அச்சடிக்கிறார்களே, அந்தக் காகிதச் சிக்கனம் நமக்கு வருமா? என்ன தலைவரே, சிரிக்கிறீர்கள்? உங்கள் வியாபாரத்துக்கு அவர்கள்தானே விளம்பரம்!

சரி, கதைக்கு வருவோம். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால் தன் முழு உருவத்தையும் ஒளித்துவிட முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறாரே, அவரைப் பாருங்கள். என் தங்கையின் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் திருப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால், பன்னிரண்டு மாடிக் கட்டடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டு அடி தள்ளி நிற்கும். ஒளியாதீர்கள் மாப்பிள்ளை, உங்களைப் புகழத்தான் போகிறேன்.

ஒருநாள் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் லிஃப்ட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மடக்கு மேசை, மேசைமேல் பலூன், பலூனுக்குப் பின்னால் டை கட்டிய ஒரு புன்னகை.

“சார், உங்களுக்குத்தான் சார்! ஆயுசு முழுக்க ஃப்ரீ!”

“எனக்கா? என்னை உனக்குத் தெரியுமா?”

“உங்களைத் தெரியாம இருக்குமா சார்? ஒரே ஒரு கையெழுத்து. தோள்பையும் ஃப்ரீ.”

இருபத்தேழு கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய கட்டைவிரல் கிரீஸ் பதிந்தது. அந்தக் கறையைத் துடைத்தாவது அடியில் இருந்ததைப் படித்தாரா? படிக்கவில்லை. நீங்கள் படித்தீர்களா? நான் படித்தேனா? பின்வரிசையில் ஒருவர் கை தூக்குகிறார். ஐயா, நீங்கள் படித்தீர்களா? ஓ, தண்ணீர் கேட்கிறீர்களா. கொடுங்கப்பா அவருக்கு.

அட்டை வந்தது. துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்தது. பை தைத்துப் பிழைக்கும் என் தங்கைக்கு, யானைத் தோலிலும் ஜிப் வைத்துத் தைக்கக்கூடிய ஒரு கனத்த தையல் மெஷின் வந்தது. மொத்தம் எண்பதாயிரம்.

மாதம் முடிந்ததும் சீட்டு வந்தது. அதில் இரண்டு எண்கள். ஒன்று ‘மொத்தத் தொகை’. இன்னொன்று ‘கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை’. இங்கேதான், அன்பர்களே, லிஃப்ட் மெக்கானிக் ஒருவரால் மட்டுமே செய்ய முடிந்த மகத்தான தவறு நடந்தது!

லிஃப்ட்டுக்குள் ஒரு தகடு அடித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ‘எட்டு நபர். ஐந்நூற்று நாற்பது கிலோ.’ அந்த எண்ணை யாரோ ஒரு பொறியாளர் கணக்குப் போட்டு, மேலும் கீழும் சோதித்து, ஒருவரும் விழுந்துவிடக் கூடாது என்று எழுதியிருப்பார். என் மாப்பிள்ளையின் உலகத்தில், அச்சடித்த எண் என்றால் அது நம் உயிரைக் காக்க எழுதிய எண். கம்பெனியும் அப்படித்தான், நமக்குத் தாங்குகிற அளவைக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது என்று அவர் நினைத்துவிட்டார். அந்த எண்ணுக்கு ஒரு காசு கூடவில்லை, ஒரு காசு குறையவில்லை, மூன்று ஆண்டுகள், முப்பத்தாறு மாதங்கள், கட்டினார். கட்டிய ரசீதைப் பார்த்து மகிழ்ந்தார். மீசையை முறுக்கினார். மீசை போதாமல் என் மீசையையும் முறுக்கினார்!

அந்தச் சமயத்தில் பேருந்து நிறுத்தத்தின் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு சின்னக் கடை காலியானது. ஒரு மேசை போடலாம், ஒரு விளக்குத் தொங்கவிடலாம். பதினொரு ஆண்டுகளாகச் சாப்பாட்டு மேசையில் தைத்துக்கொண்டிருந்த தங்கைக்கு அந்தக் கடைதான் கண்ணுக்குள் நின்றது. “மாசக் கடைசிக்குள்ள முன்பணம் குடும்மா, சாவியைத் தர்றேன்” என்றார் கடையின் சொந்தக்காரர். முன்பணத்துக்கு வங்கியில் கடன் கேட்டுப் போனாள். வங்கி அதிகாரி கணினியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கணினியைப் பார்த்தார்.

“உங்க வீட்டுக்காரர் கார்டுல ஐம்பத்து நாலாயிரம் நிக்குதே. அதை முடிச்சுட்டு வாங்கம்மா.”

மாலையில் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். தேநீருக்குத்தான் போனேன், தீர்ப்புக்குப் போகவில்லை.

“என்னங்க, கார்டுக்கு மாசாமாசம் கட்டுறீங்கதானே?”

“கட்டாம? ஒரு மாசம் தவறினது கிடையாது. அவங்க போட்ட அளவைத் தாண்டினதும் கிடையாது. வேணும்னா உங்க அண்ணனைக் கேளு.”

“அவரை ஏன் கேக்கணும்? அவருக்கு அவரோட சட்டை சைஸே தெரியாது.”

முப்பத்தாறு ரசீதுகளையும் மேசையில் பரப்பினார்கள். கூட்டினார்கள். வாங்கியது எண்பதாயிரம். கட்டியது ஒரு லட்சத்து இருபதாயிரம். பாக்கி ஐம்பத்து நாலாயிரம்! கணித உலகம் இதுவரை கண்டிராத கூட்டல்! சூரியனையே இந்தக் கம்பெனியிடமிருந்து கடனாக வாங்கியிருந்தால், இந்நேரம் நாம் மூன்று சூரியன் கட்டியிருப்போம், ஒன்றரைச் சூரியன் பாக்கி இருக்கும்!

மாப்பிள்ளை ரசீதுகளை ஒன்றாக அடுக்கி வைத்தார். தலை குனிந்தபடி சொன்னார்: “ஐம்பத்து நாலாயிரம். மொத்தமா ஐம்பத்து நாலாயிரம் நான் கொடுக்கணும். எனக்குப் புரியாம செஞ்சேன். ஆனா செஞ்சது நான்தான்.”

என் தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அவள் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். “சரி. கிழிசல் எவ்வளவு நீளம்னு தெரிஞ்சாத்தான் தைக்க முடியும். இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

மறுநாள் கம்பெனியை அழைத்து, மொத்தக் கணக்கையும் முடிக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. அன்றிலிருந்து தொலைபேசி. ஒரு நாளைக்கு இருநூற்றுப் பதினோரு அழைப்புகள்! குளிக்கும்போது அழைத்தார்கள், குறட்டை விடும்போது அழைத்தார்கள், அவர்களுடைய அழைப்பை அவர் எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அழைத்தார். அப்போது ஒரு குரல் தேனாக இனித்தது: “சார், பாதி கட்டுங்க போதும். மீதியை மறந்துரலாம். உங்க பேருக்கு நேரா ‘சமரசம்’னு ஒரு சின்னக் குறிப்பு வரும், அவ்வளவுதான்.” அந்தச் சின்னக் குறிப்பு இருந்தால் எந்த வங்கியும் பல ஆண்டுகளுக்குக் கதவைத் திறக்காது. அதை அந்தத் தேன்குரல் சொன்னதா? சொல்லவில்லை. சொன்னது வங்கி அதிகாரி; கேட்டதும் மாப்பிள்ளை ‘பாதி வேண்டாம்’ என்றுவிட்டார்.

ஆனால் ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். லிஃப்ட் ஓடும் ஒவ்வொரு கட்டடத்திலும், மேலே இயந்திர அறையில், ஓர் ஆணியில் ஒரு நோட்டுத் தொங்கும். வந்த நேரம், புகார், செய்த வேலை, நிலை எல்லாவற்றையும் எழுதாமல் மெக்கானிக் படி இறங்கக் கூடாது. இந்தப் பழக்கம் இவருக்கு இரத்தத்தில் ஊறியது. கம்பெனியிலிருந்து வந்த அழைப்புகளையும் முதல் நாளிலிருந்து அப்படியே எழுதி வைத்திருந்தார்! நான் படித்தேன். கேளுங்கள்: ‘காலை 9.10. அழைத்தவர்: பெண் குரல். புகார்: கார்டுக்குக் காப்பீடு எடுக்கச் சொன்னார். செய்த வேலை: வேண்டாம் என்றேன், மூன்று முறை. நிலை: சிரித்துக்கொண்டே வைத்தார்.’ அந்தச் சிரிப்புக்கு மாதம் முந்நூறு வீதம் முப்பத்தாறு மாதம் பிடித்திருந்தார்கள்! இன்னொரு பக்கம்: ‘கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே கட்டினேன். விடுமுறை என்பதால் தாமதமாக வரவு வைத்தார்கள். அபராதம் போட்டார்கள். நிலை: கோளாறு அவர்கள் பக்கம்.’

அந்த நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போனார் என் மாவீரர். பளிங்குத் தரை! தரையில் முகம் தெரியும், முகத்தில் கடன் தெரியும்! அவர் உள்ளே காலை வைத்த அதே நொடியில், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் அவர்களுடைய லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே பதினேழு அதிகாரிகள்! எட்டுப் பேர் ஏற வேண்டிய லிஃப்ட்டில் பதினேழு பேர்! அளவு மீறினால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் அபராதம் போட்டவர்கள், அளவு மீறி அந்தரத்தில் தொங்கினார்கள்!

மாப்பிள்ளை என்ன செய்தார்? “காப்பீடு எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டாரா? “குறைஞ்சபட்சமா நாலு பேரை மட்டும் இறக்கட்டுமா?” என்று கேட்டாரா? நானாக இருந்தால் கேட்டிருப்பேன்! அவர் சட்டைக் கையை மடித்தார், படியேறினார், பதினேழு பேரையும் பூப்போல இறக்கினார். கடைசியாக இறங்கிய தலைமை அதிகாரி கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“உயிரைக் காப்பாத்துனீங்க! உங்க கடன் முழுசையும் இப்பவே தள்ளுபடி பண்றேன்!”

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “லிஃப்ட்டு வேற சார், கடன் வேற. நான் வாங்கினதுக்கு நான் கொடுக்கிறேன். நான் வாங்காததுக்கு நீங்க எடுத்ததைக் கொடுத்துருங்க.”

என்ன வாக்கியம் ஐயா இது! ‘என் மேல் தப்பே இல்லை’ என்று ஓடவில்லை. ‘எல்லாம் என் தப்பு’ என்று காலிலும் விழவில்லை. தன் கையெழுத்துக்குத் தான் நின்றான். தன் கையெழுத்து இல்லாத இடத்தில் பிறர் கை நீண்டால் அந்தக் கையைப் பிடித்தான்! கடமை என்றால் இது அல்லவா கடமை! உரிமை என்றால் இது அல்லவா உரிமை! கேட்காமல் கொடுத்தவனிடம் கேள்வி கேட்பதற்கு, முதலில் நாம் வாங்கியதை வாங்கினேன் என்று சொல்லும் வாய் வேண்டாமா? கணக்கை மறைத்தவன் சண்டை போட முடியுமா? ரசீதைக் கிழித்தவன் நியாயம் கேட்க முடியுமா?

நோட்டைப் புரட்டினார்கள். காப்பீடு, அபராதம், அவற்றின் மேல் ஏறிய வட்டி, எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் கழிந்தது. மீதி நாற்பதாயிரம். மாப்பிள்ளை தன் மோட்டார் சைக்கிளை விற்றார். குறைந்ததைத் தங்கை தைத்துச் சேர்த்திருந்த பணத்திலிருந்து போட்டார்கள். ‘பாக்கி இல்லை’ என்ற கடிதத்தை எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். அட்டையை வெட்டியது தங்கை, பை தைக்கும் கத்தரிக்கோலால். வங்கி கடன் கொடுத்தது. மாதத்தின் கடைசி நாள், கடையின் சொந்தக்காரர் ஷட்டரை இறக்கப் போன நேரத்தில், முன்பணத்தோடு போய் நின்றாள். சாவி அவள் கைக்கு வந்தது.

என்னைப் பேச அழைத்த மன்றத்தாருக்கும், பாதியில் எழுந்து போகாத பெருந்தன்மையாளர்களுக்கும், எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்த இன்னும் பெரிய பெருந்தன்மையாளர்களுக்கும், தண்ணீர் கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் நன்றி! உங்கள் கையெழுத்து உங்கள் கண்ணுக்குத் தெரிந்தே விழட்டும் என்று வாழ்த்துகிறேன்.

அமர்வதற்கு முன் ஒன்று. தூணுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை முறைக்கிறார், ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த லிஃப்ட் நிற்கவே இல்லை. பதினேழு அதிகாரிகள் இல்லை, ஒருவர்கூட அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. அந்தப் பதினாலாயிரம் கழிவையும் கடிதத்தையும் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நாலு நாள் வரிசையில் நின்றுதான் வாங்கினார். இருநூற்றுப் பதினோரு அழைப்பு என்பதும் என் கைச்சரக்கு. ஆனால் ஒரு சின்ன இடத்தில் மட்டும் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தேநீர் ஆறிப்போன அந்த மாலையில், மனைவியின் முன்னால், அந்த முழு எண்ணையும் அவர் வாய்விட்டுச் சொன்னார். அது நடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போய், என்னுடைய எண்ணை என் மனைவியிடம் சொன்னேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் என்னோடு பேசவில்லை. வணக்கம்.