வட்ட வீட்டின் வாசல்

தேநீர் நன்றாக இருக்கிறது, தலைவியம்மா. இன்னும் கொஞ்சம் ஊறவிட்டிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை. நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை என்பது நீங்கள் தலைமை பார்க்கும் இந்த மஹல்லாக் குடியிருப்புக்கே தெரியும்.

என் கடைசி மகன் இல்ஹோமும் மருமகள் முனிஸாவும் புது வீட்டைப் பூட்டிவிட்டு, அவன் வேலை பார்க்கும் நவாய்க்கே குடிபோகப் போகிறார்கள். ஏன் என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது.

கடைசி மகன் தாயோடு இருப்பது நம் வழக்கம். மூத்தவர்கள் இருவரும் கல்யாணமான கையோடு ரஷ்யாவுக்குப் போனார்கள். வேலைக்காக என்றார்கள். இல்ஹோம் அப்படிச் செய்யவில்லை. என் முற்றத்துக்குப் பின்னால் கிடந்த காலி மனையில் தனி வீடு கட்டிக்கொள்கிறேன் என்றான். வாசல் பின் தெருவுக்கு. என் பக்கம் ஒரு கக்கூஸ் ஜன்னல், மற்றபடி வெறும் சுவர்.

"வெறும் சுவரா?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுல்லம்மா," என்றான். குரல் அவனுடையது, வார்த்தை அவளுடையது.

தொந்தரவு என்றால் என்ன? அவள் வைத்த சூப்பில் உப்புப் போட்டேன், போட வேண்டியிருந்தது. விடிகாலையில் அவர்கள் அறைக்குள் போய்ப் பார்ப்பேன். விழித்திருந்தால் எழுப்ப வேண்டியதில்லை அல்லவா, அதற்காக.

அந்தச் சமயத்தில் தாஷ்கந்து கல்லூரிக்காரர்கள் மண் வீடு கட்டும் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க இடம் தேடினார்கள். நம் மனை வாய்த்தது. நடுவில் நிற்கும் ஓர் இரும்புக் கை, குழைத்த களிமண்ணை வட்டச் சுவராகச் சுற்றிச் சுற்றிப் பிழியும். அதன் மணிக்கட்டில் காமிரா. பிழிந்த வரி எங்கே சரிந்தது, எங்கே மெலிந்தது என்று அது பார்த்துக்கொண்டே வரும். மெலிந்த இடத்தில் அடுத்த சுற்றில் கூடுதலாக வைக்கும். என் மருமகளுக்கு அந்தக் கண் இருந்திருந்தால் அவள் சுடும் ரொட்டி... சரி, விடுங்கள்.

பொறியாளர்ப் பெண் ஷஹ்லோ எல்லாவற்றையும் எனக்குப் பொறுமையாகச் சொன்னாள். சமைத்துப் போட்டது நான்தானே. சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்றைத் தெருப் பக்கம் நட்டிருந்தார்கள்.

"மிஷின் முதல்ல இதைத்தான் தேடும், அத்தை. இது இருக்கிற பக்கம்தான் அதுக்கு வாசல். மத்ததெல்லாம் இதை வச்சுத்தான்," என்றாள்.

வெயிலுக்கும் புழுதிக்கும் பயந்து சுற்றிலும் வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தார்கள். அதற்கு வழி பக்கவாட்டில். உள்ளே நின்றால் தெரு எது, முற்றம் எது என்று தெரியாது.

முதல் சுற்றுத் தொடங்குமுன் எல்லோரும் வெளியே பலோவ் சோறு சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆட்டுக்கொழுப்பைத் தாராளமாகப் போட்டிருந்தேன். அதைச் சாப்பிட்டவன் சட்டென்று எழுந்திருக்க மாட்டான். இல்ஹோம் நவாய்ச் சுரங்கத்தில் ஷிப்டில் இருந்தான். முனிஸா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். நான் பலகையைப் பிடுங்கி எதிர்ப்பக்கம், என் அடுப்படிக்கு நேராக நட்டேன். கனமே இல்லை.

சுவர் இடுப்பளவு வந்தபோது ஷஹ்லோ கூடார வழியில் நின்று தெருவையும் உள்ளே சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தை, வாசல் தெருவைப் பாத்து வரணும்னுதானே பேச்சு?"

"உன் மிஷின் தப்பாப் பாக்குமா, மகளே?"

"அது மில்லிமீட்டர் கணக்காப் பாக்கும்."

"அப்புறம் என்ன. நம்ம கண்ணுதான் பிசகு. இன்னும் கொஞ்சம் பலோவ் வைக்கட்டுமா?"

அவள் திரையைப் பார்த்தாள். வரைபடத்தில் உள்ளபடியே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தாள்.

வீடு அழகாக வந்தது. வாசல் என் அடுப்புக்கு நேர், படுக்கையறை ஜன்னல் நான் காய் நறுக்கும் இடத்துக்கு நேர். கக்கூஸ் ஜன்னல் மட்டும் தெருத் தேநீர்க் கடைப் பக்கம் போய்விட்டது. கடையில் உட்காரும் பெரியவர்கள் இருக்கையை மாற்றிக்கொண்டார்கள். கதவு மாட்டியது என் தங்கை மகன். தாழ்ப்பாளை என் பக்கம் வைக்கச் சொன்னேன். காற்றடிக்கும் ஊர்.

முனிஸா குழந்தையோடு வந்து இறங்கினாள். வாசலைப் பார்த்தாள், என் அடுப்பைப் பார்த்தாள்.

"மிஷின்கூட உங்க பேச்சைத்தான் கேக்குது, அத்தை," என்றாள். அழவில்லை.

மறுநாள் இல்ஹோம் ரம்பத்தை எடுத்துத் தெருப் பக்கச் சுவரில் ஒரு கதவளவு அறுத்தான். மண்தானே, அறுபட்டது. என் வாசலுக்கு உட்புறமாக அவளுடைய சீர் அலமாரியைப் பீங்கான் தட்டுகளோடு அணைத்து நிறுத்தினார்கள். பேரன் அழுதால் தட்டுகளுக்குள்ளிருந்து அழுவது போலக் கேட்கிறது.

இப்போது அந்த அலமாரி தானாக நகர்கிறது என்கிறார்கள். முதலில் வீடு சாய்கிறதோ என்று ஷஹ்லோவைக் கூப்பிட்டார்கள். அவள் காமிராவோடு வந்து சுவர் முழுக்கப் பார்த்தாள். மயிரிழைகூடச் சாயவில்லை. வீடு சாயவில்லை என்றால் ஜின்தான் என்றாள் முனிஸா. பயத்தில் இருவரும் அலமாரியைத் தொடுவதே இல்லை. அது எனக்கு வசதி.

ஜின்னெல்லாம் இல்லை, தலைவியம்மா. விடியல் தொழுகை முடிந்ததும் நான்தான் தாழ்ப்பாளை விலக்கி, முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளுகிறேன். ஒரு விரலளவு, அதற்கு மேல் இல்லை. இதுவரை ஒரு தட்டு உடைந்ததில்லை. இன்னும் நாலு விரல் நகர்ந்தால் என் தோள் நுழைந்துவிடும்.

அதுவரை அவர்கள் போகாமல் நீங்கள்தான் பேசி நிறுத்த வேண்டும். அவன் ஷிப்டுக்குப் போய்விட்டால் கைக்குழந்தையோடு அவள் தனியாக இருக்கிறாள். பயந்த சுபாவம். விடிகாலையில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று நடுங்குகிறாளாம். பக்கத்தில் பெரியவர்கள் ஒருத்தர் இருக்க வேண்டாமா?