ஏழாம் கிடங்கில் ரெண்டு பேர்

– ஏழாம் கிடங்குல எத்தனை பேருன்னு சொன்னீங்கண்ணே?

– ரெண்டு. அங்க தீன்னு சைரன் அடிச்சதும் கன்ட்ரோல் ரூம்லேர்ந்து ஃபோன்ல கேட்டாங்க, உள்ள போறவங்க கையெழுத்துப் போடற உன் நோட்டைப் பார்த்து அப்படியே படிச்சேன். ஏம்மா, தண்ணி குடிக்கப் போன ஆளு இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றே?

– ஐயோ, ரெண்டுன்னா சொன்னீங்க?

– நோட்டுல ரெண்டு கையெழுத்து இருக்கு, ரெண்டுன்னு சொன்னேன். ஒண்ணு உன் தம்பி. இன்னொண்ணு, நாம ஒட்டகம்னு கூப்பிடுவோமே, அவன். அட, மாற்றலாகிப் போனவன் எப்படா திரும்பி வந்தான்னு எனக்கே ஆச்சரியம்.

– அவர் வரலை.

– வரலைன்னா?

– போயி ஒன்றரை வருஷம் ஆச்சு, வரவே இல்லை. உள்ள என் தம்பி மட்டும்தான் இருக்கான். அந்த ரெண்டாவது கையெழுத்து நான் போட்டது.

– என்னம்மா சொல்றே! குண்டு வெச்சிருக்கற கிடங்குக்குள்ள ஒத்தை ஆளா போகக் கூடாதுன்னு கதவுலயே எழுதிப் போட்டிருக்கே!

– எழுதிப் போட்டவங்க ஆளைக் குடுத்தாங்களா? பதினாறு கிடங்குக்கு முப்பத்திரண்டு பேர் வேணும். இருக்கறது பத்தொன்பது. ஆள் இல்லைன்னா கிடங்கைத் திறக்கக் கூடாது. திறக்கலைன்னா உள்ள சூடு எவ்வளவுன்னு யார் பார்க்கறது, பெட்டியை யார் ஏத்தி அனுப்பறது? "யார் பேரையாவது போட்டு நிரப்பும்மா"ன்னு நம்ம ஆபீசர் பெரியவர் சொன்னாரு. நிரப்பினேன்.

– எழுத்துல குடுத்தாரா?

– வாயாலதான்.

– நல்லா மாட்டினே போ. மேல எழுதி ஆள் கேக்க வேண்டியதுதானே?

– நாலு தடவை கேட்டோம். "உங்க நோட்டுப்படி எல்லாக் கிடங்குலயும் ரெண்டு ரெண்டு பேர் இருக்காங்க, பற்றாக்குறையே இல்லை"ன்னு பதில் வந்துச்சு. நான் எழுதினதையே எடுத்து என் மூஞ்சியில அடிச்சாங்க.

– வேடிக்கைதான். ஒரு நாள் லீவு எடுக்காம வேலைக்கு வர்ற ஒரே ஆளு இங்க ஒட்டகம்தான் போல.

– சிரிக்காதீங்கண்ணே. கேட்டைத் திறங்க, நானே ஓடிப் போய்ச் சொல்லிடறேன்.

– சைரன் அடிச்சப்புறம் இது யாருக்கும் திறக்காதும்மா. பூட்டறது திறக்கறது எல்லாம் கன்ட்ரோல் ரூம்லேர்ந்துதான்.

– அப்ப ஃபோன் போடுங்க.

– சைரன் அடிச்சா இதுல வர்றது மட்டும்தான் வரும். நாம கூப்பிட முடியாது. நீயே கேட்டுப் பாரு, காதுல ஒரு சத்தமும் இல்லை.

– உங்க செல்லு?

– நானும் உன்னை மாதிரி வெளி கேட்டுப் பெட்டியில போட்டுட்டுத்தானே வந்தேன். வெடிமருந்து பக்கத்துல செல்லு ஆகாதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?

– புகையைப் பாருங்கண்ணே. முன்னைவிடக் கறுப்பா வருது.

– புல்லுல பத்தின நெருப்புதான். வெட்ட ஆள் இல்லாம இடுப்பளவு காய்ஞ்சு நிக்குது. என்னையே எடுத்துக்கோ, நேத்து வரைக்கும் கோபுரத்துல காவல். இங்க ஆள் இல்லைன்னு காலையிலதான் இறக்கி விட்டாங்க. வழக்கமா நிக்கறவன் இருந்திருந்தா, உள்ள போனது ஒருத்தன்தான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் என்னத்தைக் கண்டேன், நோட்டைப் படிச்சேன்.

– தம்பி வெளிய வந்துடுவான்ல?

– வந்துடுவான். சின்ன வயசு, ஒரே ஓட்டமா ஓடி வந்துடுவான்.

– அவன் வந்தாலும் தீயணைக்கறவங்க விட மாட்டாங்களே. ரெண்டாவது ஆளைத் தேடி உள்ள போவாங்க. இல்லாத ஆளைத் தேடிப் போயி யாராவது செத்தா, நான் கொன்ன மாதிரிதானே!

– உன் தம்பி சொல்லிட மாட்டானா, நான் மட்டும்தான்னு?

– சொல்லணும். நான்தான் எழுதறேன்னு அவனுக்குத் தெரியும். தினமும் காலையில "என்னக்கா, என் ஜோடி வந்தாச்சா"ன்னு கிண்டல் பண்ணிட்டுத்தான் உள்ள போவான்.

– கேளும்மா. இது வெளிய வந்தா உன்னைத்தான் பிடிப்பாங்க. வடக்குக் கேட்டுல உன்னை மாதிரியே நோட்டு எழுதற ரைட்டர் இதே மாதிரி பொய்க் கையெழுத்துப் போட்டு, மூணு வருஷம் ஜெயில்ல இருந்தான். பெரியவர் எனக்குத் தெரியவே தெரியாதுன்னு கையை விரிச்சுடுவாரு.

– போடட்டும், ஜெயில்ல போடட்டும். இந்த ஃபோன் மட்டும் ஒரு தடவை அடிக்கட்டும், எல்லாத்தையும் கொட்டிடறேன்.

– சரி, உக்காரு. நம்ம கையில என்ன இருக்கு.

– எப்படிண்ணே உக்கார்றது? என்னால முடியலைண்ணே.

– அடிக்குது பாரு! எடும்மா, நீயே எடு.

– ஹலோ, கன்ட்ரோலா? கேட்டு ரைட்டர் பேசறேன் சார். ஏழாம் கிடங்குல—

– அதைச் சொல்லத்தான்மா கூப்பிட்டேன். உன் தம்பி வெளிய வந்துட்டான். நடந்தே வந்தான். முடி கொஞ்சம் பொசுங்கியிருந்துச்சு, வேற ஒண்ணும் இல்லை. ஆனா—

– கடவுளே! அண்ணே, வந்துட்டானாம்! சார், கேளுங்க சார், உள்ள வேற யாருமே இல்லை. அந்த ரெண்டாவது கையெழுத்து பொய், நான் போட்டது. யாரையும் உள்ள அனுப்பாதீங்கன்னு சொல்லுங்க சார்!

– என்னது? ஆளே இல்லையா?

– இல்லை சார்! என்னை என்ன வேணா பண்ணுங்க. தீயணைக்கறவங்க யாரும் உள்ள போயிட வேண்டாம்!

– அவங்க யாரும் போகலைம்மா. போகத்தான் கிளம்பினாங்க.

– அப்ப எல்லாரும் வெளியதானே சார் இருக்காங்க?

– அவங்க அதிகாரி உன் தம்பிகிட்ட "இன்னொருத்தன் எங்கடா"ன்னு கேட்டாரு. அவன் உன் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஆள் இல்லைன்னா சொல்லித் தொலை, கேட்டுல பொய் எழுதினது யாருன்னு நான் பார்த்துக்கறேன்"னு அதட்டினாரு. பெரியவர் பக்கத்துலதான் நின்னு பார்த்துட்டிருந்தாரு.

– தம்பி என்ன சொன்னான் சார்?

– "இருக்கான் சார், எனக்குத்தான் இடம் தெரியும், நீங்க யாரும் வராதீங்க, நான் போய்க் கூட்டிட்டு வரேன்"னு சொல்லிட்டு, அவனே திரும்ப உள்ள ஓடிட்டான்மா.